தெற்கத்தி வெல்ஃப் குலம் வடக்கே வேரூன்றியது எப்படி? பேரரசி ரிஹென்சாவின் கொடிவழி

பிரிட்டன் மன்னர் மூன்றாம் சார்லஸின் முன்னோரைத் தேடிப் போகிறவர்கள் விக்டோரியா, மூன்றாம் ஜார்ஜ் என்று ஏறி, 1714ல் ஜெர்மனியின் ஹனோவரிலிருந்து வந்து லண்டனில் முடிசூடிய முதலாம் ஜார்ஜை அடைவார்கள். அவருடைய குலத்துக்கு வெல்ஃப் என்று பெயர். அதுவரை சிக்கல் இல்லை. அதற்கும் மேலே ஏறும்போதுதான் குழப்பம் வருகிறது. வெல்ஃப்களின் பூர்வீகம் ஆல்ட்டோர்ஃப், ராவன்ஸ்பூர்க் வட்டாரம். ஜெர்மனியின் தென்கோடியில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கு வடக்கே இருக்கிறது அது. ஹனோவர், பிரவுன்ஷ்வைக் எல்லாம் அங்கிருந்து சுமார் 500 கிலோமீட்டர் வடக்கே. அந்த வடக்கு நிலத்தை வெல்ஃப்கள் படையெடுத்துப் பிடிக்கவில்லை. விலைக்கும் வாங்கவில்லை.

கல்யாணத்தில் வந்தது. அதன் பெரும்பகுதி ஒரே பெண் வழியாக வந்தது. அவர் நோர்ட்ஹைம் ரிஹென்சா. புனித ரோமப் பேரரசர் மூன்றாம் லோத்தாரின் மனைவி, 1141ல் இறந்தவர். வம்ச வரைபடங்களில் இவர் பெரும்பாலும் ஒரு ஓரத்தில், கணவர் பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருப்பார். அந்த வரைபடங்கள் ஆண்வழியை மட்டும் பார்த்து வரையப்பட்டவை. ரிஹென்சாவின் கொடிவழியைத் தாய்வழியிலும் சேர்த்துப் படித்தால்தான் வட ஜெர்மனியின் வரைபடம் புரியும்.

முதலில் அடிப்படைகள்

1. குலப்பெயர்கள் பிற்காலத்தவை. 11ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஆளின் பெயர், வேண்டுமானால் கோட்டையின் பெயர், அவ்வளவுதான். ‘புரூனோனியர்’, ‘எஸ்ஸோனியர்’ போன்ற பெயர்கள் பின்னால் வந்த வரலாற்றாசிரியர்கள் வசதிக்காக ஒட்டியவை. வெல்ஃப் குலமே நல்ல உதாரணம். அதன் பழைய ஆண்வழி 1055ல் மூன்றாம் வெல்ஃபோடு அற்றுப்போனது. அவருடைய சகோதரி குனிகுண்டே இத்தாலியின் எஸ்தே குலத்து ஆட்சோவை மணந்திருந்தார். அவர்களின் மகனை வரவழைத்து வாரிசாக்கினார்கள். அவர்தான் நான்காம் வெல்ஃப். தந்தைவழியில் பார்த்தால் இவர் இத்தாலியர். பெயர் மட்டும் தாய்வீட்டுப் பெயர்.

2. பதவி வேறு, சொந்த நிலம் வேறு. டியூக், மார்கிரேவ் (எல்லைப் பகுதி ஆட்சியாளர்) போன்ற பதவிகளும் அவற்றோடு வரும் மானிய நிலமும் அரசர் கொடுப்பவை. கோபம் வந்தால் பறிக்கலாம்; வழக்கமாக ஆணுக்கே போகும். குடும்பத்தின் சொந்த நிலம், ஜெர்மானியர் அல்லோட் என்று சொல்வது, அப்படியல்ல. மகன் இல்லாவிட்டால் மகளுக்குப் போகும், சகோதரிக்குப் போகும். அரசர் அதில் எளிதில் கை வைக்க முடியாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

3. பெயரும் ஒரு சான்று. பாட்டன் பெயர் பேரனுக்கு, பாட்டி பெயர் பேத்திக்கு என்று வைப்பது அங்கும் வழக்கம். அதனால் ஒரே குடும்பத்தில் நான்கு ஹைன்ரிஷ், மூன்று கெர்ட்ரூட் வருவார்கள். தலைவலிதான். ஆனால் அபூர்வமான பெயர் ஒன்று திடீரென்று ஒரு குடும்பத்தில் தோன்றினால், அது எந்த வீட்டிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் தேடத் தொடங்குவார்கள்.

இன்னொன்று: இங்கே சாக்சனி என்பது டிரெஸ்டன் நகரைத் தலைநகராகக் கொண்ட இன்றைய சாக்சனி மாநிலம் அல்ல. அன்றைய சாக்சனி வடமேற்கே இருந்தது. இன்றைய கீழ் சாக்சனி மாநிலம் அதன் மையப் பகுதி.

தந்தை வீடு: நோர்ட்ஹைம்

ரிஹென்சா 1087ஐ ஒட்டிப் பிறந்தவர். தந்தை ‘கொழுத்த’ ஹைன்ரிஷ். அன்றைய பட்டப்பெயர்கள் அப்படித்தான், யாரும் நாசூக்கு பார்க்கவில்லை. ஹைன்ரிஷின் தந்தை நோர்ட்ஹைம் ஓட்டோ, 1061 முதல் பவேரியாவின் டியூக். அரசர் நான்காம் ஹைன்ரிஷைக் கொல்லச் சதி செய்ததாக 1070ல் அவர் மீது குற்றம் சுமத்தப்பட்டுப் பதவி பறிபோனது. அதன் பிறகு அரசருக்கு எதிரான சாக்சனியக் கிளர்ச்சியின் தலைவர்களில் ஒருவராகி, 1083ல் இறந்தார்.

பறித்த பவேரியாவை அரசர் யாருக்குக் கொடுத்தார்? ஓட்டோவின் சொந்த மருமகனுக்கு. மேலே பார்த்த அதே நான்காம் வெல்ஃபுக்கு. மாமனார் வீழ்ந்ததும் வெல்ஃப் தன் மனைவி எதிலிண்டேயைத் தள்ளிவைத்துவிட்டு, மாமனாரின் பதவியை வாங்கிக்கொண்டார். எதிலிண்டே ரிஹென்சாவின் அத்தை. நோர்ட்ஹைம் வீட்டுக்கும் வெல்ஃப் வீட்டுக்குமான முதல் சம்பந்தம் இப்படி அசிங்கமாக முடிந்தது. இரண்டாவது சம்பந்தம் 57 ஆண்டு கழித்து வரும்.

சரி, ரிஹென்சா என்ற பெயர் எங்கிருந்து வந்தது? தந்தையின் தாயிடமிருந்து, ஓட்டோவின் மனைவி பெயரும் ரிஹென்சா. அந்த மூத்த ரிஹென்சா யார் மகள் என்பதில்தான் விவாதம். ரைன் கரையில் பலமாக இருந்த எஸ்ஸோ என்ற கோமகனுக்குப் பேரரசர் இரண்டாம் ஓட்டோவின் மகள் மதில்டே மனைவி. மதில்டேயின் தாய், கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்திலிருந்து வந்த தியோஃபானு. எஸ்ஸோ – மதில்டே தம்பதியின் மகள் ஒருத்தி ரிஹேசா, போலந்தின் அரசி ஆனவர். மகன்களில் ஒருவர் 1047ல் இறந்த ஸ்வாபியா டியூக் ஓட்டோ. மூத்த ரிஹென்சா இந்த ஓட்டோவின் மகளாக இருக்கலாம், அத்தை பெயரை அவளுக்கு வைத்திருக்கலாம் என்பது ஒரு தரப்பு. அது சரியென்றால் நம் ரிஹென்சாவின் உடம்பில் பைசாந்திய இரத்தமும் ஓடுகிறது.

ஆனால் ‘இவள் இன்னாரின் மகள்’ என்று நேராகச் சொல்லும் அக்காலத்து ஏடு எதுவும் இதற்கு இல்லை. பெயர் ஒற்றுமை, காலப் பொருத்தம், பிற்காலச் சொத்துத் தொடர்பு ஆகியவற்றை வைத்துக் கட்டிய ஊகம் இது. இணையத்தில் கிடைக்கும் வம்ச வரைபடங்கள் பல இந்த ஊகத்தைக் கோடு போட்டு உண்மையாக்கிவிட்டன. என்னைக் கேட்டால் இந்த இடத்தில் புள்ளிக்கோடு போடுவதுதான் நியாயம்.

தாய் வீடு: பிரவுன்ஷ்வைக்

சொத்துக் கணக்கில் தாய்வழிதான் கனமானது. இங்கே சான்றுகளும் உறுதியானவை.

தாய்வழியில் மேலே போனால் நாம் சந்திக்கும் பெரிய ஆள் கிசெலா. 11ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மூன்று முறை மணம் முடித்தவர். ஒரு கணவர் பிரவுன்ஷ்வைக் வட்டாரத்துக் கோமகன் புரூனோ. இன்னொருவர் 1015ல் வேட்டையில் இறந்த ஸ்வாபியா டியூக் எர்ன்ஸ்ட். கடைசிக் கணவர் பின்னால் பேரரசரான இரண்டாம் கொன்ராட். முதல் இரண்டில் எது முன்னது என்பதிலேயே ஆய்வாளர்களிடம் ஒற்றுமை இல்லை. 1900ல் ஸ்பயர் பேராலயத்தில் கிசெலாவின் கல்லறையைத் திறந்தபோது ஓர் ஈயத்தகடு கிடைத்தது. பிறந்த நாள் 999 நவம்பர் 11 என்று அதில் பொறித்திருந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், பெரிதாகிவிட்டது. அந்தத் தேதியை நம்பினால் 17 வயதுக்குள் இரண்டு கணவரை இழந்து, அவர்களுக்குப் பிள்ளைகளையும் பெற்று, மூன்றாவது கல்யாணத்துக்கும் அவர் தயாராகியிருக்க வேண்டும். அதனால் கல்லறைத் தகட்டையே நம்பத் தயங்குகிறார்கள்.

கிசெலா வழியாகத்தான் மகா சார்லஸின் (பேரரசர் ஷார்லமேன்) இரத்தமும் வருகிறது. சார்லஸிலிருந்து பிரான்சின் நான்காம் லூயி வரை ஆண்வழி; லூயியின் மகள் மதில்டா; அவள் மகள் பர்கண்டி கெர்பெர்கா; அவள் மகள் கிசெலா. கொன்ராட்டின் அரண்மனைக் குருவான விப்போ இந்த வம்சப் பெருமையைக் கவிதையாகவே பாடியிருக்கிறார். அவர் கணக்கில் தலைமுறை பதினான்கு என்று வருகிறது. இன்று எண்ணிப் பார்த்தால் சார்லஸையும் சேர்த்து ஒன்பதுதான். அரண்மனைப் புலவர் கணக்கு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது.

கிசெலாவிலிருந்து ரிஹென்சா வரை இறங்கும் வழி இது:

1. கிசெலா – புரூனோ மகன் லியூடோல்ஃப், 1038ல் இறந்தவர். பேரரசர் மூன்றாம் ஹைன்ரிஷ் இவருக்குத் தாய்வழியில் தம்பி. லியூடோல்ஃபின் மனைவி மூத்த கெர்ட்ரூட் பிரவுன்ஷ்வைக் தேவாலயத்துக்குக் கொடுத்த பொன் சிலுவைகளும், எடுத்துச்செல்லக்கூடிய சிறு பலிபீடமும் இன்றும் இருக்கின்றன. பலிபீடம் அமெரிக்காவின் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் உள்ளது.

2. அவர்கள் மகன் முதலாம் எக்பெர்ட். 1062ல் கைசர்ஸ்வெர்த்தில் சிறுவன் நான்காம் ஹைன்ரிஷைக் கப்பலில் ஏற்றிக் கடத்தியவர்களில் ஒருவர். பயந்துபோய் ரைன் ஆற்றில் குதித்த சிறுவனைப் பின்னாலேயே குதித்துக் காப்பாற்றியவரும் இவரே. 1068ல் இறந்தார். மனைவி இமில்லா, இத்தாலியின் டூரின் குடும்பத்துப் பெண்.

3. எக்பெர்ட்டுக்கு இரண்டு பிள்ளைகள். மகன் இரண்டாம் எக்பெர்ட் அரசரை எதிர்த்து, சமாதானமாகி, மறுபடி எதிர்த்து, கடைசியில் 1090ல் கொல்லப்பட்டார், பிள்ளை இல்லை. பிரவுன்ஷ்வைக் சொத்து முழுக்கச் சகோதரி இளைய கெர்ட்ரூட்டுக்கு வந்தது.

4. இளைய கெர்ட்ரூட்டின் மகள் ரிஹென்சா.

இந்த இளைய கெர்ட்ரூட்டைச் சும்மா ஒரு கண்ணியாக நினைத்துக் கடந்துவிடக் கூடாது. மூன்று கணவர்களைப் புதைத்தவர். முதல்வர் காட்லன்பூர்க் கோமகன் டீட்ரிஷ், 1085ல் இறந்தார். இரண்டாமவர் நம் கொழுத்த ஹைன்ரிஷ். 1101ல் வட கடலோரத்து ஃப்ரீசியர்கள் அவரைக் கொன்றார்கள். மூன்றாமவர் ஐலன்பூர்க் ஹைன்ரிஷ், மைசென் நாட்டு மார்கிரேவ், 1103ல் போரில் இறந்தார். அப்போது கெர்ட்ரூட் கர்ப்பிணி. பதவிக்குக் காத்திருந்த பங்காளிகள், வயிற்றில் தலையணை கட்டியிருக்கிறாள் என்று கிளப்பிவிட்டார்கள். அவர் ஊர்ப் பெரியவர்கள் முன் உடையை விலக்கி வயிற்றைக் காட்டினார் என்று ஏடுகள் சொல்கின்றன. பிள்ளை பிறந்த பிறகும் விடவில்லை. அது சமையற்காரர் வீட்டுப் பிள்ளை, மாற்றி வைத்துவிட்டார்கள் என்று பேச்சு ஓடியது. வாரிசுச் சண்டையில் எந்த ஊரும் எந்த ஊருக்கும் சளைத்ததில்லை.

சாவுகள் செய்த பாகப்பிரிவினை

ரிஹென்சா பிறந்தபோது அவர் பெரிய வாரிசாக வருவார் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. மாமன் இருந்தார், சகோதரன் இருந்தான், தாயின் மற்றக் கல்யாணப் பிள்ளைகள் இருந்தார்கள். ஒவ்வொருவராக மறைந்தார்கள்:

1. 1090: மாமன் இரண்டாம் எக்பெர்ட். பிரவுன்ஷ்வைக் நிலம் தாய்க்கு.
2. 1101: தந்தை. நோர்ட்ஹைம் நிலத்தில் அவர் பங்கு பிள்ளைகளுக்கு.
3. 1106: தாயின் முதல் கல்யாணத்து மகன் டீட்ரிஷ், வாரிசு இல்லாமல். காட்லன்பூர்க் நிலமும் குடும்பத்துக்குள் வந்தது.
4. 1117க்குள்: உடன்பிறந்த சகோதரன் ஓட்டோ. 1117ல் தாயும் இறந்தார்.
5. 1123: தாயின் கடைசி மகன், அந்தத் ‘தலையணைப் பிள்ளை’, வாரிசு இல்லாமல்.

மிஞ்சியது ரிஹென்சாவும் சகோதரி கெர்ட்ரூட்டும். பிரவுன்ஷ்வைக் பெரும்பங்கு ரிஹென்சாவிடம் நின்றது.

கணவர்: சொத்தில்லாமல் தொடங்கியவர்

1100ஐ ஒட்டி, பதின்வயதின் தொடக்கத்தில், ரிஹென்சாவைச் சுப்லிங்கன்பூர்க் லோத்தாருக்கு மணம் முடித்தார்கள். லோத்தாரின் தந்தை 1075 ஜூனில் ஊன்ஸ்ட்ருட் ஆற்றங்கரைப் போரில் இறந்தவர். மகனும் அந்த ஆண்டுதான் பிறந்தான். குடும்பம் பெரிய பணக்காரக் குடும்பம் அல்ல. ஆனால் 1106ல் சாக்சனியின் பில்லுங் குலத்து டியூக் மாக்னுஸ் மகன் இல்லாமல் இறந்தபோது, அரசர் ஐந்தாம் ஹைன்ரிஷ் அந்தப் பதவியை லோத்தாருக்குக் கொடுத்தார். மாக்னுஸுக்கு இரண்டு மகள்கள் இருந்தார்கள். பதவி வெளியாளுக்குப் போனது. லூனபூர்க் முதலான சொந்த நிலம் மகள்களுக்குப் போனது. பதவிக்கும் நிலத்துக்கும் உள்ள வேறுபாட்டுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. அந்த மகள்களில் வுல்ஃப்ஹில்டே மணந்தது ‘கறுப்பு’ ஹைன்ரிஷை. அவர் நான்காம் வெல்ஃபின் மகன். இன்னொருத்தி ஐலிகாவின் மகன் ‘கரடி’ ஆல்பிரெஷ்ட். இருவரையும் நினைவில் வையுங்கள்.

1125ல் லோத்தார் அரசராகத் தேர்வானார். போட்டியிட்ட ஸ்டௌஃபர் குலத்து ஃப்ரீட்ரிஷின் உரிமையும் தாய்வழி உரிமைதான். அவர் இறந்த அரசரின் சகோதரி மகன். ஃப்ரீட்ரிஷுக்குப் பெண் கொடுத்திருந்த கறுப்பு ஹைன்ரிஷ், மருமகனைக் கைவிட்டு லோத்தார் பக்கம் சாய்ந்தார். தன் மகனுக்கு லோத்தாரின் ஒரே மகளைக் கட்டிவைப்பதாகப் பேச்சு இருந்ததே காரணம் என்று பொதுவாகக் கருதுகிறார்கள். அந்த மகள் கெர்ட்ரூட், பெற்றோருக்குக் கல்யாணமாகிப் பதினைந்து ஆண்டுக்குப் பிறகு 1115ல் பிறந்தவள். லோத்தார், ரிஹென்சா இருவரின் சொத்துக்கும் அவள்தான் வாரிசு.

1133 ஜூன் 4ல் ரோமில் லோத்தார் பேரரசர் ஆனார், ரிஹென்சா பேரரசி ஆனார். லோத்தாரின் சாசனங்களில் ‘பேரரசியின் பரிந்துரைப்படி’ என்ற குறிப்பு அடிக்கடி வரும். 1134ல் ஸ்டௌஃபர் ஃப்ரீட்ரிஷ் பணிந்தபோது ஃபுல்டாவில் முதலில் வந்து நின்றது ரிஹென்சா முன்னால்தான். இதை வெறும் சம்பிரதாயம் என்று சொல்ல முடியாது. லோத்தாரின் சாக்சனிய பலத்தில் பெரும்பகுதி மனைவியின் நிலத்தில் நின்றது.

1127 கல்யாணமும் அதன் பின்விளைவும்

1127ல் ஆக்ஸ்பூர்க் நகருக்கு அருகே 12 வயது கெர்ட்ரூட்டுக்கும் ‘செருக்கர்’ ஹைன்ரிஷுக்கும் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை கறுப்பு ஹைன்ரிஷின் மகன், பவேரியாவின் டியூக், நான்காம் வெல்ஃபின் பேரன். எதிலிண்டேயைத் தள்ளிவைத்தவரின் பேரன், எதிலிண்டேயுடைய சகோதரன் மகளின் மகளைக் கட்டினார். மாப்பிள்ளை தன் தாய் வுல்ஃப்ஹில்டே வழியாக லூனபூர்க் பங்கையும், பெண் தன் தாய் ரிஹென்சா வழியாகப் பிரவுன்ஷ்வைக்கையும் கொண்டுவந்தார்கள். வெல்ஃப் குலத்தின் வடக்கு அடித்தளம் அன்றைக்கு விழுந்தது.

1137 டிசம்பரில் இத்தாலியிலிருந்து திரும்பும் வழியில் லோத்தார் இறந்தார். மருமகன்தான் அடுத்த அரசர் என்று எல்லோரும் நினைத்தார்கள். ரிஹென்சா 1138 பிப்ரவரிக்குச் சாக்சனியப் பிரபுக்களைக் குவெட்லின்பூர்க்கில் கூட்ட ஏற்பாடு செய்தார். கரடி ஆல்பிரெஷ்ட் புகுந்து அதைக் கலைத்தார். மார்ச் மாதம் கோப்லென்சில் ஒரு சிறு கூட்டம் அவசரமாகக் கூடி ஸ்டௌஃபர் குலத்து மூன்றாம் கொன்ராட்டை அரசராக்கிவிட்டது. செருக்கர் ஹைன்ரிஷிடமிருந்து பவேரியா, மாமனார் வைத்திருந்த சாக்சனி இரண்டையும் கொன்ராட் பறித்து, சாக்சனியை ஆல்பிரெஷ்ட்டுக்குக் கொடுத்தார்.

காகிதத்தில் கொடுத்தார் என்றுதான் சொல்ல வேண்டும். சாக்சனியப் பிரபுக்கள் ரிஹென்சாவின் பின்னால் நின்றார்கள். ஆல்பிரெஷ்ட்டால் அங்கே ஊன்ற முடியவில்லை. 1139 அக்டோபரில் மருமகன் முப்பது வயதைத் தாண்டிய நிலையில் திடீரென்று இறந்தார். பேரன் இன்னும் சிறுவன். ரிஹென்சா விடவில்லை, 1141 ஜூன் 10ல் தான் இறக்கும்வரை பேரனுக்காகச் சாக்சனியைப் பிடித்து வைத்திருந்தார். 1142ல் கொன்ராட் இறங்கிவந்து, சிறுவனைச் சாக்சனி டியூக்காக ஏற்றுக்கொண்டார். அந்தச் சிறுவன்தான் பின்னால் ‘சிங்க’ ஹைன்ரிஷ் என்று பேர் வாங்கியவர். பாட்டியின் அந்த நான்கு ஆண்டுகள் இல்லையென்றால் அவருக்கு ஆள ஊரே இருந்திருக்காது என்பது என் கணிப்பு.

பதவி போனது, நிலம் நின்றது

சிங்க ஹைன்ரிஷுக்குத் தன் பலம் எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகம் இருக்கவில்லை. 1188ஐ ஒட்டி ஹெல்மார்ஸ்ஹவுசன் மடத்தில் அவருக்காக எழுதிய நற்செய்தி ஏட்டில் ஒரு முடிசூட்டுப் படம் உண்டு. அதில் அவருக்குப் பின்னால் தந்தையும் தாயும் நிற்கிறார்கள். அடுத்து நிற்பது லோத்தாரும் ரிஹென்சாவும், தாய்வழித் தாத்தா பாட்டி. வெல்ஃப் வழித் தாத்தா பாட்டிக்குப் படத்தில் இடம் இல்லை. அதே ஏட்டின் அர்ப்பணக் கவிதை அவரைச் சார்லஸின் வழித்தோன்றல் என்று கொண்டாடுகிறது. கிசெலா, எக்பெர்ட், கெர்ட்ரூட், ரிஹென்சா என்று இறங்கிய கோடு அந்தப் பெருமைக்கு ஆதாரம். 1983ல் லண்டன் ஏலத்தில் 80 லட்சம் பவுனுக்கு மேல் கொடுத்து ஜெர்மனி அந்த ஏட்டை மீட்டது.

1180ல் பேரரசர் பார்பரோசா, சிங்க ஹைன்ரிஷின் சாக்சனி, பவேரியா டியூக் பதவிகளைப் பறித்தார். நாடுகடத்தலும் வந்தது. ஆனால் சொந்த நிலம் அவரிடமே நின்றது: பிரவுன்ஷ்வைக், லூனபூர்க், நோர்ட்ஹைம் பக்கத்து ஊர்கள். எல்லாம் பாட்டிமார் வழி வந்தவை.

1227ல் சிங்க ஹைன்ரிஷின் மூத்த மகன் ஆண்வாரிசு இல்லாமல் இறந்தபோது அதே கதை திரும்பியது. அவருக்கு இரண்டு மகள்கள், ஒருத்தி பாடன் வீட்டில், ஒருத்தி பவேரியாவில். பிரவுன்ஷ்வைக் மீது அவர்களுக்கு இருந்த உரிமையைப் பேரரசர் இரண்டாம் ஃப்ரீட்ரிஷ் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 1235ல் மைன்சில் சிங்க ஹைன்ரிஷின் பேரன் ஓட்டோ தன் லூனபூர்க் நிலத்தைப் பேரரசரிடம் ஒப்படைக்க, பேரரசர் அதோடு பிரவுன்ஷ்வைக்கையும் சேர்த்துப் புதிய டியூக் நாடாக்கி அவருக்கே திருப்பிக் கொடுத்தார். மகன்களுக்கும் மகள்களுக்கும் உரியது என்று அந்தச் சாசனம் சொல்கிறது. முதலாம் ஜார்ஜ் இந்த ஓட்டோவின் நேர் ஆண்வழி.

அந்த மகளுரிமை நிலைக்கவில்லை. 1837ல் விக்டோரியா பிரிட்டனின் அரசியானபோது ஹனோவரும் சேர்ந்து வந்திருக்க வேண்டும். ஆண்வாரிசு ஒருவர் இருக்கும்வரை பெண் ஆள முடியாது என்ற விதி அங்கே இருந்ததால், அவர் சித்தப்பா எர்ன்ஸ்ட் ஆகஸ்ட் ஹனோவரின் அரசரானார். பிரிட்டனும் ஹனோவரும் 123 ஆண்டுக்குப் பிறகு பிரிந்தன.